மூட்டுள்ள பாறையில் நீர் பிளக்கும் வழி



பொறியியல் பொருளில் தமிழிலேயே பேச வேண்டும், பேசியதை எழுதியும் தர வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் நிபந்தனை. நல்ல நிபந்தனை. கரும்பலகையில் நான்கு சமன்பாடுகளை எழுதிவிட்டு, 'இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது' என்று சொல்லி நகர்ந்துவிடும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. இன்று அதற்கு இடமில்லை.

நிலத்துக்கு அடியில் வெகு ஆழத்தில், அழுத்தத்தோடு செலுத்தப்படும் நீர் பாறையை எப்படிப் பிளக்கிறது? அந்தப் பிளவு எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? இதுதான் இன்றைய பேச்சு. எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள் 1947 முதல் இதைச் செய்துவருகிறார்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வயலில் முதல் சோதனை நடந்தது. ஆனால் எண்ணெய் வயல்களை விட்டுவிட்டு உங்களைச் சூடான கருங்கல்லுக்கு அழைத்துப்போகிறேன். கணக்கும் பாறையும் நேருக்கு நேர் மோதியது அங்கேதான். மோதியதில் தோற்றது யார் என்பதிலும் ஐயம் இருக்கவில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹேமஸ் மலைகள் என்று ஒரு தொடர். அங்கே வாயெஸ் கால்டெரா என்ற பழைய எரிமலைப் பள்ளத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது ஃபென்டன் ஹில். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 1970களில் அங்கே ஒரு யோசனையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஆழத்தில் சூடு இருக்கிறது, நீர் இல்லை. ஒரு கிணற்றைத் தோண்டி, நீரை அழுத்திப் பாறையைப் பிளப்பது. அந்தப் பிளவைத் தொடும்படி இன்னொரு கிணற்றைத் தோண்டுவது. ஒன்றில் குளிர்ந்த நீரை விட்டு மற்றதில் சுடுநீரை எடுப்பது. அந்த வெப்பத்தில் டர்பைன் ஓடும். காகிதத்தில் இவ்வளவு எளிமையான மின்நிலையம் வேறு இல்லை.

சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த முதல் கட்டம் ஓரளவு கைகொடுத்தது. இரண்டாம் கட்டத்தில் இன்னும் ஆழமாக, இன்னும் சூடான பாறைக்குப் போனார்கள். ஈஈ-2, ஈஈ-3 என்று இரண்டு கிணறுகள். ஆழத்தில் இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து, ஈஈ-3 மேலேயும் ஈஈ-2 அதற்குச் சுமார் 380 மீட்டர் கீழேயும் இருக்கும்படி தோண்டினார்கள். கீழ்க்கிணற்றில் நீரை அழுத்தினால் செங்குத்தான பிளவுகள் வரிசையாக எழும், எழுந்து மேல்கிணற்றைத் தொடும் என்பது கணக்கு.

இது குருட்டு நம்பிக்கை அல்ல. 1957இல் ஹப்பர்ட், வில்லிஸ் என்ற இருவர் நிறுவிய விதி இதற்கு அடிப்படை. ஆழத்துப் பாறை மூன்று திசைகளிலும் அழுத்தப்பட்டிருக்கிறது, தகைவு எனப்படும் இந்த மூன்று அழுத்தமும் ஒரே அளவு அல்ல. நீர் பிளக்கும்போது எந்தத் திசையில் எதிர்ப்பு குறைவோ அந்தத் திசையில் பாறையை விலக்கித் திறக்கும். ஆகவே பிளவின் தளம் மிகக் குறைந்த தகைவுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆழத்தில் மிகக் குறைந்த தகைவு பெரும்பாலும் கிடைமட்டத்தில் இருப்பதால் பிளவு சுவர்போல எழும். ஒரே சீரான பாறை என்றால் இந்த விதியில் குற்றம் காண முடியாது.

1983 டிசம்பரில் ஈஈ-2 கிணற்றில், ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் ஆழத்தில், இரண்டரை நாள் இடைவிடாமல் நீரை அழுத்தினார்கள். உள்ளே போனது ஏறத்தாழ 21,000 கன மீட்டர். மேல்கிணற்றுக்கு அதிலிருந்து ஒன்றும் வந்து சேரவில்லை.

அதிர்ஷ்டவசமாக, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் அதிர்வு உணரிகளை இறக்கியிருந்தார்கள். பாறை அசையும் ஒவ்வொரு முறையும் மனிதர் உணர முடியாத ஒரு நுண்ணதிர்வு எழும். அது கிளம்பிய இடத்தைக் கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கலாம். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது எதிர்பார்த்த செங்குத்துச் சுவர் இல்லை. கனமுள்ள, சாய்ந்த ஒரு மேகம்போல அது பரவியிருந்தது. சாய்ந்த திசையும், கிணறுகள் சாய்ந்திருந்த திசையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றுக்கொன்று இணையாகப் போகும் இரண்டு எப்படிச் சந்திக்கும்? பிறகு 1985இல் ஈஈ-3 கிணற்றிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, அந்த மேகத்துக்குள்ளேயே செலுத்தினார்கள். இணைப்பு கிடைத்தது. கணக்கு காட்டிய இடத்தை விட்டு, பாறை காட்டிய இடத்தில் தோண்டியதால் கிடைத்தது.

அந்தப் பாறைக்குள் என்ன இருந்தது? இதைப் பார்க்க நியூ மெக்ஸிகோ போக வேண்டியதில்லை. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளின் வெட்டுமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சார்னோகைட் பாறை அது. கையில் எடுத்த துண்டு இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் முழு முகத்தையும் தள்ளி நின்று பார்த்தால், கோடு கிழித்ததுபோலச் சில திசைகளில் மட்டும் வெடிப்புகள் ஓடும். ஒரு வரிசை செங்குத்தாக, இன்னொன்று அதைக் குறுக்கே வெட்டி, மூன்றாவது தரைக்கு ஒட்டிப் பாய்போல. இவற்றைப் புவியியலில் மூட்டுகள் என்கிறோம். பாறை குளிர்ந்தபோதும், மேலிருந்த பாரம் அரிக்கப்பட்டு விலகியபோதும், மலைகளை உருவாக்கிய விசைகள் நெரித்தபோதும் வெவ்வேறு காலங்களில் உண்டானவை. ஆழத்தில் இவை அழுந்தி மூடியிருக்கும். பலவற்றைக் கால்சைட்டோ குவார்ட்சோ வந்து அடைத்து ஒட்டியிருக்கும். மூடியிருந்தாலும் அவைதான் பாறையின் பலவீனம். மடையைத் திறந்தால் தண்ணீர் புது வாய்க்கால் வெட்டிக்கொண்டு போவதில்லை, இருக்கிற வாய்க்காலில்தான் ஓடும். ஃபென்டன் ஹில்லில் திறந்ததும் புதுப் பிளவு அல்ல, அங்கே ஏற்கெனவே இருந்த மூட்டு வலை என்று அத்திட்டத்தாரே பின்னர் எழுதினார்கள்.

இனி கணக்கின் பக்கத்தைப் பார்ப்போம். நீரால் நகரும் ஒரே ஒரு பிளவை விவரிக்கவே மூன்று விஷயங்களை ஒருசேரத் தீர்க்க வேண்டும். முதலாவது, உள்ளிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்பப் பாறை எவ்வளவு விலகும் என்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் பிளவு முழுவதையும் விரிக்கும். இரண்டாவது, அந்த இடுக்கில் நீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது. ஓட்டம் இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அகலம் இரு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. மூன்றாவது, பிளவின் நுனி எப்போது முன்னேறும் என்பது. இவற்றோடு, பிளவின் சுவர்கள் வழியே பாறைக்குள் கசிந்துபோகும் நீரின் கணக்கு வேறு.

இந்த முடிச்சைக் கையால் அவிழ்க்கும்படி எளிமையாக்கியவர்கள் எண்ணெய்த் துறைக்காரர்கள். 1955இல் ரஷ்யாவின் கிறிஸ்தியனோவிச், ஷெல்தோவ்; அவர்களைத் தொடர்ந்து 1969இல் கீர்ட்ஸ்மா, டி கிளெர்க். இன்னொரு பக்கம் 1961இல் பெர்கின்ஸ், கெர்ன். அதைச் செப்பம் செய்து 1972இல் நார்ட்கிரென். உயரம் மாறாத பிளவு, வட்டக் காசு வடிவப் பிளவு என்று சில எளிய உருவங்களை எடுத்துக்கொண்டு, நீளம், அகலம், அழுத்தம் மூன்றுக்கும் சூத்திரம் தந்தார்கள். இன்றும் பம்பு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முதல் மதிப்பீடு போட அந்தச் சூத்திரங்களே போதும். அவற்றைப் பழசு என்று ஒதுக்கும் இளைஞர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. குறை சூத்திரத்தில் இல்லை. சூத்திரம் எழுதும் முன்பே ஒரு படத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோமே, சீரான பாறை, ஒற்றைப் பிளவு, நேர்ப் பாதை என்று, அதில் இருக்கிறது.

சரி, நேராக வரும் பிளவு வழியில் ஒரு மூட்டைச் சந்தித்தால்? குறுக்கே வெட்டிக்கொண்டு அப்பால் போகலாம். மூட்டுக்குள் திரும்பி அதன் வழியே ஓடலாம். அங்கேயே நின்றும் விடலாம். திரும்பிச் சிறிது தூரம் ஓடியபின் மூட்டின் ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் மறுபடி கிளம்புவதும் உண்டு.

இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நெவாடா அணுசோதனைத் திடலின் சுரங்கங்களில், சான்டியா ஆய்வகத்தார் சாயம் கலந்த நீரைப் பாறைக்குள் அழுத்தினார்கள். பிறகு அந்தப் பாறையையே அடுக்கடுக்காக வெட்டி, சாயம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். வார்பின்ஸ்கி, டோய்ஃபெல் இருவரும் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தச் சாயத் தடங்களைப் பற்றி எழுதினார்கள். மூட்டைத் தொட்ட இடத்தில் விலகியவை, இரண்டாகப் பிரிந்தவை, படிக்கட்டுபோலத் தாவித் தாவிப் போனவை என்று பலவிதம். பாடநூலில் நாம் வரையும் ஒற்றை நேர்க்கோடு அங்கே அரிது.

வெட்டிப் போகுமா, திரும்புமா என்பதற்கு 1995இல் ரென்ஷா, பொல்லார்ட் இருவரும் ஓர் அளவுகோல் தந்தார்கள். செங்குத்தாக மோதும் மூட்டுக்கு அது பொருந்தும். பிளவின் நுனி மூட்டை நெருங்கும்போது, மூட்டின் இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் பிடித்துக்கொண்டால், மறுபக்கத்துப் பாறையில் இழுவிசை உண்டாகி அங்கே புதுப் பிளவு பிறக்கும். சறுக்கிவிட்டால் அந்த இழுவிசை மறுபக்கம் போய்ச் சேராது. எனவே மூட்டை அழுத்திப் பிடிக்கும் தகைவு போதுமா, உராய்வு போதுமா என்பதே கேள்வி. மூட்டை அமுக்கும் தகைவை, மூட்டின் போக்கில் உள்ள தகைவும் பாறையின் இழுவலுவும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். உராய்வுக் கெழு 0.6 என்றால் அந்த விகிதம் 0.88ஐத் தாண்டினால் பிளவு குறுக்கே போய்விடும். உராய்வு 0.4 ஆனால் 1.16 வேண்டும். மூட்டில் களிமண் படிந்து உராய்வு 0.2க்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ 2 வேண்டும். பாறை அதே பாறை, ஆழம் அதே ஆழம். மூட்டின் முகத்தில் படிந்திருக்கும் ஒரு மில்லிமீட்டர் களிமண் முடிவை மாற்றிவிடுகிறது. அந்தக் களிமண் இருக்கிறதா என்று 3 கிலோமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? 2010இல் கூ, வெங் ஆகியோர் இதே அளவுகோலைச் சாய்வான மோதலுக்கும் நீட்டினார்கள். பிளாண்டன் 1982இலேயே ஆய்வகச் சோதனையில் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: மோதும் கோணம் செங்குத்துக்கு அருகில் இருந்து, தகைவு வேறுபாடும் பெரிதாக இருந்தால்தான் பிளவு கடந்துபோகும். கோணம் சாய்ந்தால் மூட்டே ஜெயிக்கும்.

இப்போது கார்ன்வாலுக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் ரோஸ்மனோவ்ஸ் என்ற கருங்கல் குவாரி. கேம்போர்ன் சுரங்கப் பள்ளியினர் 1977 முதல் அங்கே வெப்பப் பாறைச் சோதனை நடத்தினார்கள். அவர்கள் கருங்கல் சுரங்கத்திலேயே வளர்ந்தவர்கள், மூட்டுகளோடு பழகியவர்கள். ஆகவே புதுப் பிளவை உண்டாக்கப் பார்க்காமல், இருக்கும் மூட்டுகளைத் திறப்பதே நோக்கம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டார்கள். 2 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒன்றின் கீழ் ஒன்றாக இரு சாய்ந்த கிணறுகள். கீழ்க்கிணற்றில் அழுத்தினார்கள். மேல்நோக்கி ஏற வேண்டிய நுண்ணதிர்வு மேகம் கீழ்நோக்கி இறங்கியது. 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. இரண்டு கிணறுகளுக்கும் இடையே எதிர்பார்த்த இணைப்பு சரியாக அமையவில்லை, நீரும் ஏராளமாக ஆழத்துக்குள் தொலைந்தது.

நீர் அழுத்திய பிளவு ஏன் கீழே போக வேண்டும்? பைன், பேட்செலர் இருவரும் 1984இல் விளக்கினார்கள். மாணவர்கள் தாளை எடுத்துக்கொண்டால் இப்போதே போட்டுப் பார்க்கலாம். அங்கே அளந்த தகைவுகள் 2 கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இப்படி: கிடைமட்டத்தில் மிகப் பெரியது 71 மெகாபாஸ்கல், மேலிருக்கும் பாறையின் பாரம் 52, கிடைமட்டத்தில் மிகச் சிறியது 30. மூட்டுகளில் இயல்பாக நிற்கும் நீரின் அழுத்தம் 20. புதுப் பிளவு ஒன்று வாய் திறக்க வேண்டுமானால் நீரழுத்தம் 30ஐ எட்ட வேண்டும், அதாவது இயல்பைவிட 10 மெகாபாஸ்கல் கூடுதல்.

இப்போது, பெருந்தகைவின் திசைக்கு 30 பாகை விலகி நிற்கும் ஒரு செங்குத்து மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோணமும் அடுத்துச் சொல்லப்போகும் உராய்வும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, தகைவுகள் மட்டும் அளந்தவை. அந்த மூட்டை அமுக்கும் தகைவு, நீரழுத்தம் போக, 20 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல். அதைச் சறுக்கத் தள்ளும் தகைவு ஏறக்குறைய 18. கருங்கல் மூட்டின் சொரசொரப்புக்கு உராய்வுக் கெழு 1 என்று தாராளமாகவே கொடுப்போம். அப்போதும், அமுக்கும் தகைவு 18க்கு இறங்கினால் மூட்டு சறுக்கிவிடும். அதற்கு நீரழுத்தம் 2.5 மெகாபாஸ்கல் ஏறினால் போதும். திறக்க 10 தேவை, சறுக்க 2.5 போதும். பம்பை ஓட்டி, அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே, பிளவு என்ற ஒன்று பிறப்பதற்கு வெகு முன்பே, மூட்டுகள் நழுவத் தொடங்கிவிடும்.

அதே கணக்கை 3 கிலோமீட்டருக்குப் போடுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெருந்தகைவு 28, சிறுதகைவு 12, நீர் 10 மெகாபாஸ்கல் கூடுகிறது. வாய் திறக்கத் தேவையான கூடுதல் அழுத்தம் 10இலிருந்து 12 ஆக ஏறிவிடுகிறது. சறுக்கத் தேவையானதோ 2.5இலிருந்து ஏறத்தாழ 1.6 ஆக இறங்கிவிடுகிறது. திறக்கும் பிளவுக்கு மேலே போவது எளிது, சறுக்கும் மூட்டுக்குக் கீழே போவது எளிது. ஒரே பாறை, ஒரே பம்பு. எந்த வழியில் பாறை இணங்குகிறது என்பதைப் பொறுத்து நீர் எதிரெதிர்த் திசைகளில் போகும். கருங்கல்லில் நீரழுத்தச் சோதனை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் கணக்கு இதுதான். எந்தக் கணினியும் வேண்டாம். தகைவுகளை வரைந்து பார்க்கும் மோர் வட்டம் ஒன்றும் நேர்மையாக அளந்த மூன்று தகைவுகளும் போதும்.

சறுக்கிய மூட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. முகங்களின் மேடுபள்ளங்கள் இடம் மாறி நிற்பதால் அழுத்தத்தை எடுத்த பிறகும் அது முழுவதும் மூடிக்கொள்ளாது. எண்ணெய் வயலில் பிளவு மூடாதிருக்க மணலைத் திணிக்கிறார்கள். இங்கே பாறை தனக்குத்தானே முட்டுக் கொடுத்துக்கொள்கிறது. மும்மடி விதியை நினைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் முட்டுக்கு என்ன விலை என்று புரியும்.

கார்ன்வால்காரர்கள் பிறகு 2.6 கிலோமீட்டர் ஆழத்துக்கு மூன்றாவது கிணற்றை, அதிர்வு மேகத்தைக் குறுக்கே வெட்டும்படி தோண்டினார்கள். பிசுபிசுப்பான கரைசலையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். மெல்லிய நீர் மூட்டுகளுக்குள் தூரமாக ஊடுருவி நழுவ வைக்கும்; பிசுபிசுப்பான திரவம் அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்திலேயே அழுத்தத்தை ஏற்றி வாய் திறக்க வைக்கும். எதைச் செலுத்துகிறோம் என்பதும் பாதையை மாற்றும்.

இன்றைய கணினி மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளவின் முகங்களை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்க்கும் முறையைக் கிரவுச் 1976இல் தந்தார். பாறையைத் தனித்தனிக் கட்டைகளாகவே வைத்துக்கொண்டு அவற்றின் மோதலைக் கணக்கிடும் முறை பீட்டர் குண்டால் 1971இல் தந்தது. பிளவைக் கூர்மையான கோடாக வைக்காமல் மங்கலான பட்டையாக வைத்து, ஆற்றல் எங்கே குறைகிறதோ அங்கே வளரவிடும் முறை 1998இல் பிராங்ஃபோர்ட், மரிகோ கட்டுரையிலிருந்து கிளைத்தது. மூன்றுக்கும் மூட்டு வலை வேண்டும். அந்த வலையை முழுதாக யாரும் பார்த்ததில்லை. கிணற்றுச் சுவரைப் படமெடுத்து, சுவரை வெட்டும் மூட்டுகளின் திசையையும் இடைவெளியையும் எண்ணி, அந்தப் புள்ளிவிவரத்துக்கு ஒத்த ஒரு கற்பனை வலையைக் கணினியில் பின்னுகிறோம். ஒரு மூட்டு எவ்வளவு நீளம் என்பதைக் கிணற்றுச் சுவர் சொல்லாது. முடிவைத் தீர்மானிப்பதோ அந்த நீளம்தான்.

ஆகவே ஒரே ஒரு வலையை வைத்து ஓட்டி, வண்ணப் படம் போட்டு, 'பிளவு இப்படிப் போகும்' என்று சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. பல நூறு வலைகளை ஓட்டி, எத்தனையில் இணைப்பு கிடைத்தது என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். மூட்டின் விறைப்பு, உராய்வு, முதல் அகலம், நீளப் பரவல் என்று திருகுவதற்கு இத்தனை குமிழ்கள் இருக்கும்போது, நடந்து முடிந்த எந்தச் சோதனையோடும் எந்த மாதிரியையும் பொருத்திவிடலாம். நடக்கப்போகும் சோதனைக்கு முன்பே முடிவை எழுதி உறையிலிட்டுக் கொடுக்கும் மாதிரிக்குத்தான் மதிப்பு.

மாதிரி சொல்வதற்கும் பாறையில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டெக்சாஸில் மிட்லண்ட் படுகையில், ஏற்கெனவே நீரால் பிளக்கப்பட்ட களிப்பாறை வழியே சாய்வாகத் துளைத்து, சுமார் 180 மீட்டர் பாறைத் தண்டை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். அதில் நீரழுத்தத்தால் உண்டான பிளவுகள் மட்டும் 700 அளவில் இருந்தன. தனித்தனியாகவும் கொத்துக்கொத்தாகவும், சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டியும். கிணற்றுக் குழாயில் நீர் வெளியேற இடும் ஒரு துவாரக் கூட்டத்துக்கு ஒரு பிளவு என்று வைத்துக் கணக்கிட்டவர்கள் அந்தத் தண்டைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள்.

மூட்டு பெரிதாகப் பெரிதாகப் பொறியாளரின் பொறுப்பும் மாறுகிறது. பெயர்ச்சிப் பிளவு என்பது நெடுந்தூரம் ஓடும் ஒரு பெரிய மூட்டு என்றே இங்கே வைத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்கு அடியில் 2006 டிசம்பரில் சுமார் 11,500 கன மீட்டர் நீரைச் செலுத்தினார்கள். பம்பை நிறுத்திய பிறகு, டிசம்பர் 8ஆம் தேதி 3.4 அளவு நில அதிர்வு ஊரை உலுக்கியது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று வந்தது 5.5. கடைசியாக நீர் செலுத்தி முடித்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. புவிவெப்பக் கிணறே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019இல் அறிவித்தது. உள்ளே செலுத்திய கன அளவைப் பாறையின் விறைப்பால் பெருக்கி, அதற்குமேல் அதிர்வு வராது என்று சொல்லும் ஒரு சூத்திரம் அப்போது புழக்கத்தில் இருந்தது. எடுத்துக்காட்டாக 10,000 கன மீட்டரை அதில் போட்டால் 3.6 அளவில் நிற்க வேண்டும். போஹாங்கில் வந்த அதிர்வின் ஆற்றல் அதைப்போலப் பல நூறு மடங்கு. நீர் கொடுத்தது தூண்டுதலை மட்டும். ஆற்றல் அந்தப் பெயர்ச்சிப் பிளவில் முன்பே சேர்ந்திருந்தது. மூட்டு வலையில் அந்த ஒன்றை விட்டுவிட்டுப் போட்ட கணக்கால், மற்ற எல்லா மூட்டுகளையும் எவ்வளவு நுணுக்கமாக வைத்திருந்தாலும் பயன் இல்லை.

அமெரிக்க எரிசக்தித் துறை யூட்டா மாநிலத்தில் மில்ஃபோர்டு அருகே நடத்தும் ஃபோர்ஜ் ஆய்வுத் தளம், இந்தப் பழைய அனுபவங்களிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. முதல் கிணற்றை 2021 தொடக்கத்தில் முடித்தார்கள். 2022 ஏப்ரலில் அதன் நுனியில் மூன்று கட்டமாக நீரை அழுத்தி, நுண்ணதிர்வு மேகங்களைப் பதிவுசெய்தார்கள். அதன் பிறகுதான், 2023இல், சுமார் 100 மீட்டர் மேலே இரண்டாம் கிணற்றை அந்த மேகங்களின் ஊடே செலுத்தினார்கள். 2024இல் ஒரு கிணற்றில் விட்ட நீரின் பெரும்பகுதி மற்றதில் வந்தது. முதலில் பிளந்து பார், பிறகு தோண்டு: ஃபென்டன் ஹில்லில் இரண்டு கிணற்றையும் தோண்டிவிட்டுப் பிளந்தார்கள்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றினால், ரப்பர் பேக்கரை இறக்கி ஒரு பகுதியை அடைத்து, நீரை அழுத்தி ஊற்றுக்கண்ணைத் திறக்கும் வேலையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் தனியாரும் செய்துவருகிறார்கள். இது நான் இதுவரை சொன்ன அதே இயந்திரவியல்தான், ஆழம் மட்டும் குறைவு. 60 மீட்டர் ஆழத்தில் பாறையின் பாரம் சுமார் 1.6 மெகாபாஸ்கல்தான், அங்கே மிகச் சிறிய தகைவு பெரும்பாலும் செங்குத்துத் திசையில் இருக்கும். ஆகவே பாய்போலப் படுத்திருக்கும் மூட்டுகள் முதலில் திறக்கும், அவை பக்கத்து வயலின் கிணறுவரை ஓடவும் கூடும். வேலை முடிந்ததும், தண்ணீர் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு லாரி கிளம்பிவிடுகிறது.

இங்கே இருக்கும் புவியியல், கட்டடப் பொறியியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இந்த வேலை நடக்கும்போது போய் நில்லுங்கள். அழுத்தமானியின் அளவை நொடிக்கு நொடி பதிவுசெய்யுங்கள். அழுத்தம் ஏறி எங்கே சட்டென்று உடைகிறது, பம்பை நிறுத்தியதும் எந்த அளவில் நிலைக்கிறது என்ற இரண்டு எண்கள் அந்தப் பாறையின் தகைவைச் சொல்லும். செலவுக்கு வழியிருந்தால் முன்னும் பின்னும் கிணற்றுக்குள் கேமராவை இறக்குங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் குவாரி இருந்தால் மூட்டுகளின் திசையை ஒரு காம்பஸை வைத்து எடுத்துவிடலாம். இப்படி ஒரு மாவட்டத்தில் நூறு கிணறுகளின் பதிவு கிடைத்தால், இரவல் எண்களை வைத்து நாம் ஓட்டிக்கொண்டிருக்கும் மாதிரிகளுக்கு நம் பாறையின் எண்களைக் கொடுக்கலாம். பதிவேட்டைத் துறை நூலகத்தில் பொதுவில் வையுங்கள்; அடுத்து வருபவர்கள் சரிபார்க்கட்டும்.